புதுப்பிப்பு: ஆண்குறி விறைப்புக் குறைபாட்டை மதிப்பிடுதல், விட்டுப்போனவை

முந்தைய இழையில் ஐஐஇஎஃப்-5 வினாத்தாளை மட்டும் விளக்கியிருந்தேன்: 5 கேள்விகள், 25 மதிப்பெண், 21 அல்லது அதற்குக் கீழே வந்தால் குறைபாடு. அது தீவிரத்தைத்தான் காட்டும், காரணத்தைச் சொல்லாது.

காரணத்துக்கு முதல் தடயம் காலை விறைப்பு. அது வழக்கம்போல் இருந்து, துணையோடு மட்டும் தடைபட்டால் மனக்காரணம் இருக்கலாம். எல்லா நேரமும் படிப்படியாகக் குறைந்தால் ரத்தக்குழாயைச் சந்தேகிக்கணும். இதய நோய்க்கு இது முன்னறிகுறியாகலாம். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் தயவுசெய்து பரிசோதிக்காமல் விடாதீர்கள்.

டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) ரத்தப் பரிசோதனையைக் காலை 11 மணிக்குள் எடுக்கணும். குறைவாக வந்தால் இன்னொரு நாள் மறுபடியும்.

டாப்ளர் (ஆண்குறியின் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேன்) எல்லோருக்கும் தேவையில்லை. விறைப்பை உண்டாக்கும் மருந்தை ஆண்குறியில் ஊசியாகப் போட்டபின் ரத்த ஓட்டத்தின் உச்ச வேகம் நொடிக்கு 25 செ.மீ.க்குக் கீழ் என்றால் தமனிக் கோளாறு (ரத்தம் போதுமாக உள்ளே வரவில்லை). நோயாளி பதற்றமாக இருந்தால் சிரைக்கசிவு (ரத்தம் தங்காமல் சிரை வழியே வெளியேறுவது) போலப் பொய்யாகத் தெரியும். தனிமை கொடுத்து, தேவைப்பட்டால் மருந்தளவைக் கூட்டிப் பார்த்த பிறகே முடிவெழுதணும்.