நாலு மணி நேர ஷிஃப்ட் என்று சொன்னார்கள்: படித்துக்கொண்டே வேலை பார்த்த அனுபவங்கள்

அரைத்தூக்கம்:

இரண்டாம் வருஷத் தொடக்கத்தில் ஒரு துணிக்கடையில் மாலை வேலைக்குச் சேர்ந்தேன். 5 மணிக்கு வகுப்பு முடியும், 6 முதல் 10 வரை கடை. வாரத்தில் 4 நாள், மொத்தம் 16 மணி நேரம். தாராளமாகச் சமாளிக்கலாம் என்று நினைத்தேன்.

10 மணிக்கு ஷட்டர் இறங்கும், வேலை இறங்காது. போட்டுப் பார்த்துவிட்டுக் குவித்துப்போன சட்டைகளை மடித்து, சைஸ் வாரியாக அடுக்க வேண்டும். அப்புறம் கல்லாக் கணக்கு. அது உதைத்தால் யாரும் கிளம்ப முடியாது. ஒரு நாள் கேஷியர் அண்ணன் மூன்றாவது தடவையாகச் சில்லறையை எண்ணிக்கொண்டிருந்தார். நான் காலருக்குள் அட்டையைச் சொருகியபடியே மறுநாள் பரீட்சைக்கான சூத்திரங்களை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். "டேய், நீ வேற நம்பர் சொல்லாதடா" என்று கத்தினார். மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

அறைக்கு வர 11:30 ஆகிவிடும். வந்ததும் தூக்கமும் வராது, கால் அப்படி வலிக்கும். ஒரு வாரம் நோட்டில் எழுதிப் பார்த்தேன். வகுப்பை விட்டுக் கிளம்புவதிலிருந்து அறைக்குத் திரும்புவது வரை ஒரு நாளைக்கு ஆறரை மணி நேரம். என் 16 மணி நேர வேலை உண்மையில் 26 மணி நேரம். சம்பளம் மட்டும் 16க்குத்தான்.

அந்த செமஸ்டரில் 2 அரியர். வீட்டில் ஒன்று என்றுதான் சொல்லியிருக்கிறேன், இன்றுவரை.

நீங்கள் என்ன வேலை பார்த்தீர்கள், அது படிப்பில் எவ்வளவு தின்றது? எழுதுங்கள்.

சாக்பீஸ்:

டியூஷன். நேரத்துக்குப் பணம் என்று பார்த்தால் இதை அடித்துக்கொள்ள எனக்கு வேறு எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் ஒன்றை யாரும் சொல்லித் தரவில்லை: பிள்ளைகளுக்குப் பரீட்சை வரும்போதுதான் நமக்கும் வரும். என் கடைசி செமஸ்டரில் 3 நாள் லீவு கேட்டேன். "பரீட்சை நேரத்துல நீங்களே வரலைன்னா எப்படித் தம்பி?" என்றார் அந்த அம்மா. பரீட்சை எனக்கும்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. போனேன். அந்தப் பையன் நல்ல மார்க் வாங்கினான்.

பெயர் வேண்டாம்:

நான் வேலை பார்க்கவே இல்லை, மாட்டிக்கொண்டேன். வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி, மாணவர்களுக்கு ஏற்றது என்று ஒரு விளம்பரம். போனில் பேசிய பெண் அவ்வளவு மரியாதையாகப் பேசினார். அடையாள அட்டையின் நகலை வாங்கிக்கொண்டு ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள். நானும் படிக்காமல் போட்டேன். ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து அனுப்பிய பக்கங்களில் பிழை அதிகம் என்றார்கள். சம்பளம் கிடையாது, ஒப்பந்தத்தை மீறியதற்கு நான்தான் பணம் கட்ட வேண்டுமாம். பிறகு வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஒன்று வாட்ஸ்அப்பில் வந்தது. மாதிரிதான். அதில் தேதியே இல்லை.

10 நாள் சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில் சீனியர் அக்கா ஒருவரிடம் காட்டினேன். அவர் சிரித்தார். அவருடைய வகுப்பிலும் ஒருவருக்கு இதே நோட்டீஸ் வந்ததாம், எழுத்துப் பிழை உட்பட. நம்பரை பிளாக் செய்துவிட்டு, எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து சைபர் கிரைமில் புகார் கொடுத்தேன். அதற்கப்புறம் ஒரு சத்தமும் இல்லை. வேலை கொடுக்கிறவர் நம்மிடம் பணம் கேட்டால் அது வேலை இல்லை. அதேபோல், "உன் கணக்கில் பணம் வரும், வேறொருவருக்கு மாற்றி விடு, கமிஷன் உண்டு" என்று சொன்னால் ஓடிவிடுங்கள். மோசடிப் பணம் நம் கணக்கு வழியாகப் போனால் போலீஸ் முதலில் வருவது நம் வீட்டுக்கு.

இரண்டு ரோஸ்டர்:

மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு. நான் பிரிட்டனில் படித்தேன். பட்டப்படிப்பு என்றால் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான். ஓர் இடத்தில் 12, இன்னோர் இடத்தில் 10 என்று வாங்கி வைத்திருந்தேன். அடுத்த வாரம் குறைத்துச் சராசரியாக்கிவிடலாம் என்று கணக்கு. இரண்டாவது இடத்து மேனேஜர் என் விசாவைப் பார்த்துவிட்டு, "வேறு எங்காவது வேலை செய்கிறாயா?" என்று கேட்டார், நல்லவேளையாக முதல் ஷிஃப்டுக்கு முன்பே. சராசரி என்ற பேச்சே அங்கே இல்லை. திங்கள் முதல் ஞாயிறு வரை ஒரு வாரம், எல்லா வேலையும் சேர்த்து 20. சம்பளமில்லாத தன்னார்வ வேலையும் அதில் சேரும். ஃப்ரீலான்ஸ் அறவே கூடாது. ஆஸ்திரேலியாவில் இருக்கும் நண்பனுக்கு இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம். நாட்டுக்கு நாடு மாறும், அதுவும் அடிக்கடி மாறும். சீனியர் சொன்னதை நம்பாமல் அரசுத் தளத்தில் பாருங்கள்.

அரைத்தூக்கம்:

சாக்பீஸ், அந்த 3 நாள் லீவு கேட்டது மாதிரிதான் நானும் ஒவ்வொரு தடவையும் கடைசி நேரத்தில் போய் நின்றேன். அரியர் விழுந்த பிறகு புத்தி வந்தது. பரீட்சை அட்டவணை வந்த அன்றே ஒரு ஜெராக்ஸ் எடுத்து, என் தேதிகளைச் சிவப்பில் வட்டம் போட்டு, ஷிஃப்ட் ஒட்டும் பலகையிலேயே ஒட்டிவிட்டேன். மேனேஜர் முகம் சுளித்தார். ஆனால் ஷிஃப்ட் போடும்போது அந்தத் தாள் அவர் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது.

இப்போது கல்லூரி நூலக கவுன்ட்டரில் இருக்கிறேன். கடையில் கிடைத்ததில் முக்கால்வாசிதான் சம்பளம். ஆனால் வகுப்பிலிருந்து நடந்தால் 3 நிமிஷம். மூடும் நேரம் 8 என்றால் 8:05க்கு வெளியே. கூட்டம் இல்லாத நேரத்தில் படித்துக்கொள்ளவும் விடுகிறார்கள். ஒரு அரியரை முடித்துவிட்டேன். இன்னொன்று, வீட்டில் சொல்லாதது, அடுத்த மாதம்.