வைக்கோல் தின்னும் செம்மறிக்குக் கூடவே என்ன கொடுக்கிறீர்கள்?

மேய்ச்சல் காய்ந்துவிட்டால் எங்கள் பட்டிக்கு வைக்கோலும் சோளத்தட்டையும்தான். வயிறு புடைத்திருக்கும், முதுகைத் தடவினால் எலும்பு தட்டும். புழுக்கையை நசுக்கிப் பார்த்தால் நீள நீளமாகத் தாள் துணுக்கு.

நெல் வைக்கோலில் புரதம் 3-4 சதவீதம்தான் தேறும். முதல் வயிற்றில் நாரைச் செரிக்கிற நுண்ணுயிர்கள் பெருக, மொத்தத் தீவனத்தில் 7 சதவீதமாவது வேண்டும். இல்லாவிட்டால் தின்றது வயிற்றிலேயே தேங்கும், ஆட்டுக்கு மேற்கொண்டு தின்ன இடம் இருக்காது. அதனால் தினமும் காலையில் கைப்பிடி கடலைப் புண்ணாக்கு போட ஆரம்பித்தேன். கொஞ்ச நாளில் தொட்டியில் மிஞ்சும் வைக்கோல் குறைந்துவிட்டது. புண்ணாக்கு போட்டால் வைக்கோல் மிச்சமாகும் என்பார்கள். நான் பார்த்தது நேர் எதிர். புழுக்கையிலும் துணுக்கு பொடிப்பொடியாகிவிட்டது.

உங்கள் அனுபவம் என்ன?

பதில்:
புண்ணாக்கு சரி. ஆனால் பலர் அந்த இடத்தில் மக்காச்சோள மாவை அள்ளிப் போடுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பண்ணையில் மாவு ஏற ஏற வைக்கோல் அப்படியே மிஞ்சியது. மாவுச்சத்து சீக்கிரம் புளித்து வயிற்றில் அமிலம் கூடும். அமில கார நிலை 6-க்குக் கீழே போனால் நார் செரிக்கும் நுண்ணுயிர்கள் அடங்கிவிடும். மாவைக் கொஞ்சமாக, இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள்.

பதில்:
நாங்கள் வைக்கோலையே யூரியா போட்டுப் பதப்படுத்துகிறோம். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 50 லிட்டர் தண்ணீர். அடுக்கடுக்காகத் தெளித்து, மிதித்து அழுத்தி, தார்ப்பாய் போட்டுக் காற்றுப் புகாமல் 3 வாரம் மூடி வைக்க வேண்டும். யூரியாவிலிருந்து வரும் அம்மோனியாதான் தாளின் இறுக்கத்தைத் தளர்த்துகிறது, புரதக் கணக்கும் ஏறும். பிரிக்கும்போது நெடி கண்ணைக் கரிக்கும், உடனே தொட்டியில் கொட்டாதீர்கள். ஒரு நாளாவது பரப்பி ஆறவிடுங்கள். பூசணம் பிடித்த பகுதியை ஆட்டுப் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

பால் குடிக்கும் குட்டிகளுக்கு இது ஆகாது, அதுகளுக்கு அசைபோடும் வயிறு இன்னும் முதிர்ந்திருக்காது. பெரிய ஆட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பழக்க வேண்டும். யூரியா கரைத்த வாளியைப் பட்டிக்குள் விட்டுவிட்டு நகரவே கூடாது. தாகத்தில் குடித்தால் நடுக்கம், நுரை, வயிறு உப்பல், அப்புறம் மருத்துவர் வருவதற்குள் முடிந்துவிடும்.

பதில்:
யூரியா பக்கம் போகத் துணிவில்லாதவர்களுக்கு: அகத்தி, வேலிமசால், கிளைரிசிடியா தழை. எங்கள் ஆடுகள் கிளைரிசிடியாவை முதலில் முகர்ந்துவிட்டு ஒதுங்கின. வெட்டி ஒரு இரவு வாடவிட்டுப் போட்டதும் தின்றுவிட்டன. தழையில் புரதத்தோடு தாது உப்பும் வந்துவிடுகிறது.

இன்னொன்று, யூரியா கொடுப்பவர்கள் கந்தகத்தையும் கவனியுங்கள். 10 பங்கு தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) 1 பங்கு கந்தகம் என்பது செம்மறிக்கான கணக்கு. ரோமத்துக்கும் அது வேண்டும். அதற்காக மாட்டுக்கான தாது உப்புக் கலவையை எடுத்துக் கொட்டிவிடாதீர்கள். அதில் உள்ள தாமிரம் செம்மறியின் ஈரலில் சேர்ந்துகொண்டே போய், ஒருநாள் திடீரென்று மஞ்சள் காமாலையில் சாய்த்துவிடும். பையில் செம்மறிக்கென்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.