விலகல் கடிதத்தில் கையெழுத்து வைத்தால்தான் சம்பளமாம். என்ன செய்வது?

ஸ்டோர்காரன், களுவாஞ்சிக்குடி:
மட்டக்களப்பு டவுனில் ஒரு மொத்த வியாபார நிறுவனத்தில் ஏழு வருடம் ஸ்டோர்கீப்பராக இருந்தேன். பெயர் வேண்டாம். இருபது பேருக்கு மேல் வேலை செய்கிற இடம். போன வெள்ளிக்கிழமை மனேஜர் கூப்பிட்டு, வியாபாரம் விழுந்துவிட்டது, திங்கள் முதல் வரத் தேவையில்லை என்றார். கடிதம் எதுவும் தரவில்லை. இப்போது, நான் சீனி மூட்டையைக் குறைத்துவிட்டேன் என்று வெளியில் கதை போகுதாம். ஸ்டொக் புத்தகம் அங்கேதானே இருக்கிறது, திறந்து பார்க்கட்டுமே!

நானாகவே விலகுவதாக எழுதித் தந்தால்தான் இந்த மாதச் சம்பளம் 48,000 ரூபாவும் தருவார்களாம். மகளின் டியூஷன் காசு நிற்கிறது. வைத்துவிடவா?

பழைய மில்காரன், சம்மாந்துறை:
வைக்காதீங்க தம்பி. நான் வைத்தவன். வேலைப் பிணக்குகளை விசாரிக்கிற தொழில் நியாயசபையில் என் வழக்கு, என்னை நிறுத்தியது நியாயமா என்ற கேள்விக்கே போய்ச் சேரவில்லை. 'நாங்கள் நிறுத்தவில்லை, அவர்தான் விலகினார்' என்று கடிதத்தை நீட்டிவிட்டார்கள். நிறுத்தினார்கள் என்று நான்தான் நிரூபிக்க வேண்டியதாயிற்று. நிறுத்தியதை அவர்களே ஒத்துக்கொண்டிருந்தால், காரணம் காட்டுகிற பாரம் அவர்கள் தலையில் விழுந்திருக்கும். ஒரு துண்டுக் கடதாசி, அவ்வளவுதான். மனேஜர் வட்சப்பில் ஏதாவது அனுப்பியிருந்தால் அழிக்காதீங்க.

கல்முனை அக்கா:
தொழிற்சங்க அலுவலகத்தில் பல காலம் இருந்தவள் என்பதால் சொல்கிறேன். வேலை நீக்கம் பற்றிய 1971ஆம் ஆண்டு 45ஆம் இலக்கச் சட்டத்தின்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தனியார் இடத்தில் 180 நாள் வேலை செய்த ஒருவரை, 'வியாபாரம் இல்லை' என்று சும்மா அனுப்ப முடியாது. ஒன்றில் அவருடைய எழுத்து மூலச் சம்மதம் வேண்டும், அல்லது தொழில் ஆணையாளரின் முன் அனுமதி வேண்டும். உங்கள் கையெழுத்துக்கு ஏன் இப்படி அலைகிறார்கள் என்று இப்போது விளங்குதா?

களவு என்றால் அது ஒழுக்காற்று நடவடிக்கை. அப்படியானால் நிறுத்திய நாளுக்குப் பிறகு இரண்டு வேலை நாளுக்குள் காரணத்தை எழுத்தில் தந்திருக்க வேண்டும். ஊருக்குள் கதை விடுவது கடிதமாகாது.

தொழில் திணைக்களத்துக்குப் போனாலும் சரி, நியாயசபைக்குப் போனாலும் சரி, முறைப்பாடு கொடுக்க ஆறு மாதம்தான் தவணை. 'பேசித் தீர்ப்பம்' என்று இழுத்தே அதைக் கடத்திவிடுவார்கள், கவனம். நியாயசபையில் சட்டத்தரணி இல்லாமல் நீங்களே நின்றும் பேசலாம். ஐந்து வருடம் தாண்டியதால் பணிக்கொடையும் உண்டு: வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், உங்களுக்கு 1,68,000 ரூபா வரும். ஈ.பி.எப்பில், அதாவது ஊழியர் சேமலாப நிதியில், அவர்களுடைய 12 வீதம் ஒழுங்காகக் கட்டினார்களா என்றும் பாருங்கள். சிலர் நம்முடைய 8 வீதத்தை வெட்டிவிட்டு அதையும் கட்டுவதில்லை.

ஸ்டோர்காரன், களுவாஞ்சிக்குடி:
நன்றி அக்கா, அண்ணா. இன்று காலை லேபர் ஒபிஸுக்குப் போய் முறைப்பாடு எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்தவர் முதலில் கேட்டதே, 'ஏதும் கையெழுத்து வைச்சீங்களா?' என்றுதான். மனேஜரின் குரல்பதிவு போனில் இருக்கிறது, மச்சானின் போனுக்கும் அனுப்பி வைத்துவிட்டேன். டியூஷன் காசு அவனிடம்தான் கடன்.