ஆன்வோ குடாவில் ஸ்நார்கெலிங்: மாஸ்க் மங்குது, மூக்குக்குக் கீழே தண்ணி கசியுது. உதவி தேவை

கேள்வி
வணக்கம். பிரான்ஸில், லியோனில் வேலை பார்க்கிறேன். போன ஜூலையில் மனைவியோடு தெற்குக் கடற்கரையில் இருக்கிற காஸீ போய், போர்-பான் வழியா நடந்து ஆன்வோ கலாங்க்கில் (இந்த மாதிரி குடாவுக்கு அங்கே அதுதான் பேர்) இறங்கினோம். ரெண்டு பக்கமும் செங்குத்தா வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை, நடுவில் குறுகலா கடல். முதல் நாள் மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கிட்டு மிதந்தபடி கீழே பார்த்தா, பாறையை ஒட்டி கருப்பு மீன் கூட்டம், நடுவில் மின்னுற நீலத்தில் குட்டிகள், அடியில் கடற்புல். அவ்வளவு அழகு.

மறுநாளும் அதே இடம், அதே வெயில். ஆனா தண்ணி ஐஸ் மாதிரி. இறங்கின கொஞ்ச நேரத்தில் மாஸ்க் முழுக்க ஆவி. மூக்குக்குக் கீழே தண்ணி வேற உள்ளே வருது, பட்டையை இறுக்க இறுக்க ஜாஸ்தியாகுது. மாஸ்க் புதுசு, மீசை உண்டு. வேற மாஸ்க் வாங்கணுமா? ஆகஸ்ட்டில் மறுபடி போறோம். மனைவிக்கு நீச்சல் சுமார்தான்.

பதில் 1
தம்பி, நான் மார்செய்யிலதான் இருக்கிறன். மாஸ்க்கை மாத்த வேண்டாம். முதல் நாள் இரவு நல்ல காத்து அடிச்சிருக்கும், கேட்டுப் பாருங்கோ. அது மிஸ்ட்ரால். வடமேற்கில இருந்து வந்து கரையோரத்து மேல்தண்ணியை வெளிக்கடலுக்குத் தள்ளிப்போடும். அந்த இடத்துக்கு அடியில கிடக்கிற குளிர்தண்ணி ஏறி வரும். 24 பாகையில இருந்த தண்ணி ஒரு நாளுக்குள்ள 16க்கு இறங்கிறது இந்தக் கரையில புதினம் இல்லை.

கண்ணாடி மங்கினதும் அதாலதான். வெளியில குளிர்தண்ணி, உள்ளுக்குள்ள உங்கட மூச்சின்ர சூடு. மூக்கால மூச்சு விட்டீங்களெண்டால் இன்னும் மோசம். வாயால மட்டும் விடுங்கோ.

காத்து நிண்ட உடனையும் ஓடாதேங்கோ, தண்ணி திரும்பச் சூடாகச் சில நாள் எடுக்கும். அப்பிடிப்பட்ட நாளில தங்கச்சியை இறக்கவே வேண்டாம். மற்ற நாளிலயும் 3 மில்லிமீட்டர் வெட்சூட் (உடம்போட ஒட்டியிருக்கிற ரப்பர் நீச்சலுடை) ஒண்டு வாடகைக்கு எடுத்துக் குடுங்கோ: குளிரும் தாங்கும், ஆளையும் மிதக்க வைக்கும்.

பதில் 2
அண்ணா சொன்னது சரி. அதோட இன்னொண்ணு: புது மாஸ்க்கின் கண்ணாடி உள்பக்கம் தயாரிப்பின்போது படிஞ்ச சிலிகான் படலம் இருக்கும். அது போகாம என்ன பண்ணாலும் ஆவி பிடிக்கும். வெள்ளை டூத்பேஸ்ட்டை விரலால் நல்லா தேய்ச்சு, கழுவி, ரெண்டு மூணு தடவை திரும்பச் செய்யுங்க. டெம்பர்டு கிளாஸா (சூடாக்கி உறுதியாக்கின கண்ணாடி) இருந்தா மட்டும். பிளாஸ்டிக்னா கீறல் விழும். இறங்குறதுக்கு முன்னாடி உள்ளே எச்சில் தடவி, கடல் தண்ணியில் ஒரு அலசு அலசினா போதும்.

கசிவுக்குக் காரணம் மீசை. பட்டையை இறுக்கினா சிலிகான் விளிம்பு மடிஞ்சு வழி விட்டுடும், தளர்த்துங்க. பட்டை போடாம மாஸ்க்கை முகத்தில் வச்சு மூக்கால் லேசா உறிஞ்சுங்க. கையை எடுத்தும் நின்னா மாஸ்க் உங்க முகத்துக்குச் சரி. விளிம்புக்குள்ளே முடி சிக்கியிருக்கான்னும் பாருங்க.

கேள்வி கேட்டவர்
ரொம்ப நன்றி. ஆமா, ராத்திரி ஜன்னல் படபடன்னு அடிச்சுது! டெம்பர்டுன்னு கண்ணாடியிலேயே போட்டிருக்கு. மீசையை எடுக்கணுமா?

பதில் 2
முழுசா வேண்டாம். மூக்குக்கு நேர் கீழே விளிம்பு உட்காருற மெல்லிய கோடு மட்டும் மழிச்சா போதும், வெளியே தெரியாது.

பதில் 3
ரெண்டு பேருக்கும் கண்டிப்பா ரப்பர் அடிச் செருப்பு வாங்குங்க. பாறை இடுக்கெல்லாம் கடல் முள்ளெலி. ஏறும்போது கை வைக்கிற இடத்தையும் பார்த்து வைங்க. ஊதா நிற ஜெல்லிமீன் சில நாள் கூட்டமா வரும். பட்டா கடல் தண்ணியால் கழுவுங்க, நல்ல தண்ணி ஊத்தக் கூடாது, தேய்க்கவும் கூடாது. கயாக் (துடுப்பு போடுற சின்னப் படகு) வர்ற நடுப்பகுதிக்குப் போகாம பாறை ஓரமாவே இருங்க, மீனும் அங்கேதான். பளிச்சுனு நிறமுள்ள மிதவை ஒண்ணு மனைவி கையில் இருக்கட்டும், களைச்சா பிடிச்சுக்கலாம்.

கோடையில் காட்டுத்தீ அபாயம் இருந்தா தேசியப் பூங்கா நடைபாதைகளை மூடிடுவாங்க. மறுநாள் நிலவரம் முந்தின சாயங்காலமே வந்துடும், பார்த்துட்டுக் கிளம்புங்க. பாதையில் எங்கேயும் குடிதண்ணி கிடைக்காது. கடலில் அவசரம்னா 196.