நீர்வர்ணத் தாளில் பத்திக் மெழுகு: நீக்கிய பின்னும் எண்ணெய் வளையம் எஞ்சுவது ஏன்?

கேள்வி: வெள்ளவத்தை வாசி

நீர்வர்ணம் மட்டுமே தீட்டிப் பழகிய நான், வெசாக் இரவில் கொழும்பின் பேர வாவியின் நீரில் விழுந்து நெளியும் வெசாக் கூடுகளின் (காகித விளக்குகளின்) ஒளியை வரைய விரும்பினேன். வெள்ளை வர்ணத்தைப் பின்னால் பூசுவதைவிடத் தாளின் வெண்மையையே மெழுகால் காத்துக்கொள்வது நன்று என்று எண்ணி, 2022ஆம் ஆண்டு மின்வெட்டுக் காலத்தில் வாங்கி மிஞ்சியிருந்த மெழுகுதிரிகளை உருக்கி, சதுர மீற்றருக்கு 300 கிராம் கனமுள்ள தாளில் பழைய தூரிகையால் தீட்டினேன். அதன்மேல் மஞ்சள், செம்மஞ்சள், கருநீலம் என மூன்று படைகள் இட்டேன்.

இரண்டு குறைகள் ஏற்பட்டன. சில இடங்களில் மெழுகின் அடியில் கருநீலம் புகுந்துவிட்டது. பழைய பத்திரிகைத் தாள்களை வைத்து மின்னழுத்தியால் மெழுகை எடுத்தபோது, ஒவ்வொரு விளக்கையும் சுற்றி எண்ணெய் பட்டதைப் போன்ற வளையம் படர்ந்தது. அந்த வளையத்தின்மேல் பிறகு எந்த வர்ணமும் பிடிக்கவில்லை. முத்து முத்தாக உருண்டு நின்றது. பத்திக்கில், அதாவது மெழுகால் மறைத்துச் சாயமேற்றும் முறையில், துணியிலிருந்து இவ்வளவு சுத்தமாக நீங்கும் மெழுகு தாளில் ஏன் இப்படி நடந்துகொள்கிறது?

பதில் 1: பத்திக் தொழிலில் இருப்பவர்

துணியிலிருந்து மெழுகைக் கொதிநீரில் இட்டு அகற்றுகிறோம். உங்கள் ஓவியத்தை அப்படிக் கொதிக்க வைக்க முடியாது. பெந்தோட்டை கடற்கரை ஹோட்டலின் கூரையில் இலங்கையின் பத்திக் கலைஞர் எனா டி சில்வா அமைத்த பத்திக்கைக் கண்டவர்களுக்கு, துணியில் எத்தனை வர்ணங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றலாம் என்பது தெரிந்திருக்கும். ஒவ்வொரு வர்ணமும் மெழுகு மூடாத இடத்தில் இழைக்குள் இறங்குகிறது, முடிவில் மெழுகு முழுவதும் வெளியேறிவிடுகிறது. தாளில் அந்த இறுதிப் படி இல்லாததால், மெழுகின் ஒரு பகுதி இழைகளுக்குள் நிரந்தரமாகத் தங்கிவிடும். இதைக் குறையாகக் கொள்ளாமல் தொடக்கத்திலேயே கணக்கில் எடுத்துக்கொள்வதே வழி.

வர்ணம் அடியில் புகுந்ததற்கு, மெழுகு போதிய சூடில்லாமல் இருந்தது காரணமாக இருக்கலாம். நீர்வர்ணத் தாளில் பசைக்காப்பு (ஈரத்தை உடனே உறிஞ்சாதபடி இடும் பசை) இருப்பதால் நீரைப் போலவே மெழுகும் உடனே உள்ளே இறங்காது. தீட்டியவுடன் கோடு கண்ணாடியைப் போலத் தெளிந்து தாள் ஈரமானதைப் போலத் தோன்றினால் மெழுகு இறங்கியிருக்கிறது. பால் வெண்மையாகப் படிந்தால் அது மேலேதான் உட்கார்ந்திருக்கிறது, ஓரத்தால் வர்ணம் நுழையும். மெழுகுதிரி பெரும்பாலும் பரபின் (பெற்றோலிய மெழுகு) என்பதால் ஆறியதும் விறைத்துப் பிளந்துவிடும். தேன்மெழுகு நெகிழ்வானது, அதை மூன்றில் ஒரு பங்கு கலந்து பாருங்கள். வெடிப்புக் கோடுகளை வேண்டுமென்றே விரும்புகிறவர்கள் பரபினைக் கூட்டுகிறார்கள், ஆயினும் ஜாவாவின் நுண்ணிய வேலைப்பாட்டில் அத்தகைய வெடிப்பைப் பிழையாகவே கருதுவார்கள்.

இயன்றால் முசுக்கட்டை நாரில் செய்த மெல்லிய ஜப்பானியத் தாளையும் முயன்று பாருங்கள். அதில் மெழுகு மறுபக்கம் வரை சென்றுவிடும், நனைந்தாலும் எளிதில் கிழியாது.

பதில் 2: தெஹிவளை ஓவிய ஆசிரியர்

மேலே கூறியவற்றுடன் பெரும்பாலும் உடன்படுகிறேன், ஆனால் தாளை மாற்றுவதற்கு முன் வேலையின் ஒழுங்கை மாற்ற வேண்டும் என்பது என் கருத்து. நீர் சேரும் வேலை அனைத்தையும் மெழுகை எடுக்கும் முன்னரே முடித்துவிடுங்கள். சூட்டுக்குப் பின்னர் தாள் எண்ணெய்த் தாளாகிவிடுகிறது. அதன்மேல் எண்ணெய்ப் பசுடெல் (எண்ணெய் கலந்த வர்ணக் குச்சி), வர்ணப் பென்சில் போன்றவை மட்டுமே இணங்கும். உண்மையில் கலப்பு ஊடகம் (பல வகை வர்ணங்களைச் சேர்த்து வரைதல்) தொடங்க வேண்டிய இடமும் அதுவே: நீர்வர்ணம் விட்ட இடைவெளிகளில் பசுடெல்லால் விளிம்பு தரலாம்.

வளையத்தைப் பொறுத்தவரை, முதலில் மழுங்கிய கத்தியால் மெழுகை மெல்லச் சுரண்டிக் குறையுங்கள். ஓவியத்தின் மேலும் கீழும் அச்சிடாத வெற்றுத்தாளை வைத்து (அச்சுமை ஓவியத்தில் இறங்கும் என்பதை நானும் ஒரு படத்தை இழந்துதான் கற்றேன்), நீராவி இன்றி மிதமான சூட்டில் ஒவ்வொரு தடவையும் புதுத் தாள் மாற்றி அழுத்துங்கள். அப்படியும் வளையம் தெரிந்தால், சூடு தருவதற்கு முன் தாள் முழுவதையும் மெழுகால் மூடிவிடுங்கள். மெழுகு எங்கும் ஒரேயளவாக எஞ்சும்போது விளக்கைச் சுற்றி மட்டும் கறை தெரியாது. பின்னர் மெல்லிய தாளைக் கசக்கி, வெடிப்புகளில் கருநீலம் ஓடவிட்டு, அதன் பிறகு மெழுகை எடுப்பவர்களும் உளர்.

மெழுகை உருக்க விரும்பாவிடின், மெழுகுதிரியையோ மெழுகுப் பென்சிலையோ தாளில் தேய்த்து மேலே வர்ணம் இடுங்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் குண்டுவீச்சுக்கு அஞ்சி இலண்டன் சுரங்கப்பாதைகளில் ஒதுங்கியவர்களை ஆங்கிலேயச் சிற்பி ஹென்றி மூர் வரைந்தபோது மெழுகுப் பென்சிலையும் நீர்வர்ணத்தையும் இவ்வாறே சேர்த்தார். இதில் கூர்மையான விளிம்பு வராது. தாளின் கரடு தெரியும், இரவு நீருக்கு அதுவே பொருந்தும். கூரிய விளிம்பு வேண்டுமாயின் இறப்பர்ப்பால் சேர்ந்த மறைப்புத் திரவம் உண்டு, உரித்த பின் அந்த இடம் மீண்டும் வர்ணம் ஏற்கும். ஆனால் கொழும்பு ஈரக் காற்றில் தாள் முழுதும் காய்ந்துவிட்டதா என்பதைக் கையால் தொட்டுப் பார்த்தே உரியுங்கள். நாட்கணக்கில் விட்டு வைக்காதீர்கள், மின்னழுத்தியும் காட்டாதீர்கள், அது தாளோடு ஒட்டிக்கொள்ளும்.

பதில் 3: கொட்டாஞ்சேனை வாசகர்

மெழுகை நேரடி நெருப்பில் வைக்காமல், கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் மற்றொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். புகை எழுந்தால் அடுப்பை உடனே அணைத்துவிடுங்கள். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, மூடியால் மூடுங்கள்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

பத்திக் தொழில் அக்காவுக்கும், ஆசிரியர் ஐயாவுக்கும், எச்சரித்தவருக்கும் நன்றி. தேன்மெழுகு கலந்து, தாளைச் சாளரத்தோடு பிடித்துப் பார்த்து மெழுகு இறங்கியதை உறுதி செய்த பின் வர்ணமிட்டேன்; அடியில் நீலம் புகவில்லை. இறுதியில் தாள் முழுவதையும் மெழுகால் மூடி அழுத்தியதில் வளையங்கள் மறைந்தன. எதிர்பாராத ஒன்று என்னவெனில், தாள் சற்றே ஒளி ஊடுருவும் தன்மை பெற்று, கூடுகள் வெளிச்சத்தின் எதிரே வைத்தால் மட்டும் எரிவதைப் போலத் தெரிகின்றன, மேசையில் வைத்தால் மங்குகின்றன. பின்புறம் வெண் அட்டை வைத்துச் சட்டமிட்டதும் வெண்மை ஓரளவு திரும்பியது. கருநீலத்தில் மட்டும் தூரிகைத் தடங்கள் தெரிகின்றன. அடுத்த தடவை நீரை மிகுதியாகக் கலந்து ஒரே வீச்சில் தீட்டிப் பார்க்கிறேன்.