ஏரோபார்ல குனிஞ்சா முன்பக்கம் மரத்துப்போகுது, பொண்ணுங்க யாராவது சேடில் விஷயத்துல உதவுங்க

அலை_ஓட்டம்:
எல்லாருக்கும் வணக்கம். கேக்க கூச்சமா இருக்கு, ஆனா கேக்காம விட்டா இந்த சீசனே போயிடும்னு பயமா இருக்கு, அதனால நேராவே கேக்குறேன். இன்னும் 11 வாரத்துல எனக்கு முதல் 70.3 (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூணும் சேந்த அரை ஐயர்ன்மேன் போட்டி), அதுல சைக்கிள் மட்டும் 90 கிமீ. நிமிர்ந்து ஓட்டுனா மூணு மணி நேரம் கூட உக்காருவேன், ஆனா ஏரோபார்ல, அதாவது ஹேண்டில்ல முன்னாடி நீட்டியிருக்குற கைதாங்கில, முழங்கைய வச்சு குனிஞ்சா 20 நிமிஷத்துல முன்பக்கம் எரிய ஆரம்பிச்சு அப்புறம் மரத்தே போயிடுது. போன ஞாயிறு 70 கிமீ முடிச்சிட்டு வந்து பாத்தா வலது பக்கம் மட்டும் வீங்கியிருக்கு, பாத்ரூம் போனா எரிச்சல் தாங்கல.

முதல்ல அகலமான ஜெல் சீட் போட்டேன், இன்னும் மோசம். அப்புறம் மூக்கு ரெண்டா பிரிஞ்ச சேடில் வாங்கினேன், நடுவுல அழுத்தம் கொஞ்சம் கம்மியாச்சு ஆனா உள்தொடை உரசி தோல் உரியுது. பழைய சீட் இருந்த அதே இடத்துல, சீட் போஸ்ட்ட தொடாம தான் மாட்டியிருக்கேன். மறுபடி வேற சேடில் வாங்கணுமா இல்ல நான் ஏதாவது தப்பா பண்றேனா?

எதிர்காற்று:
இப்ப எதையும் வாங்காதீங்க சிஸ்டர். நிமிர்ந்து உக்காரும்போது பின்னாடி இருக்குற ரெண்டு உக்கார்ற எலும்பு எடைய தாங்கும். ஏரோவுல இடுப்பு முன்னாடி உருளும், அப்ப எடை அந்த எலும்பு மேல இல்ல, முன்னாடி இருக்குற இடுப்பெலும்போட ரெண்டு கிளை மேலயும் நடுவுல இருக்குற மெத்துனு சதை மேலயும் போய் விழும். ஜெல் சீட் ஏன் மோசம்னா, எலும்பு உள்ள அமுங்குனதும் ஜெல் நடுவுல மேல எழும்பி அந்த சதையவே குத்தும்.

பிரிஞ்ச மூக்கு சேடில்ல நுனியில தான் உக்காரணும், பிரிஞ்சு முன்னாடி நீட்டிட்டு இருக்குற சேடிலோட ரெண்டு கையும் இடுப்பெலும்போட கிளைய தாங்குறதுக்கு தான் இருக்கு. நீங்க பழைய பழக்கத்துல பின்னாடி உக்காந்தா அகலமான பகுதி தொடைக்கு நடுவுல வந்து உரசத்தான் செய்யும். சேடில் நுனிய பழைய சீட் நுனி இருந்த இடத்துலேர்ந்து 5 - 7 செமீ பின்னாடி தள்ளுங்க. அப்புறம் நுனியில உக்காந்தாலும் பெடலுக்கும் உங்களுக்கும் நடுவுல தூரம் பழைய மாதிரியே இருக்கும்.

உயரத்தையும் அளந்து பாருங்க, இந்த மாதிரி சேடில் தடிமனா இருக்கும். சீட் ஒசந்துட்டா கால் எட்டாம இடுப்பு ரெண்டு பக்கமும் ஆடும், ஒரு பக்கம் மட்டும் வீங்குறதுக்கு அது ஒரு பெரிய காரணம்.

மெதுவா_தூரமா:
எல்லாருக்கும் பிரிஞ்ச மூக்கு ஒத்து வராது, எனக்கு வரல. நான் ரெண்டு மாசம் போராடிட்டு கடைசியில நடுவுல நீளமா பள்ளம் உள்ள குட்டை மூக்கு சேடில்ல தான் நிம்மதியா உக்காந்தேன், ஐஎஸ்எம்ங்குற பிரிஞ்ச மூக்கு சேடில் போட்டு சந்தோஷமா ஓட்டுற தோழியும் இருக்கா. உடம்பு உடம்புக்கு மாறும். ஆனா அக்கா சொன்ன மாதிரி முதல்ல பொருத்தத்த சரி பண்ணிட்டு அப்புறம் முடிவெடுங்க.

தோல் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். டிரை சூட்டுக்குள்ள (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூணுக்கும் சேத்து போடுற ஒட்டுன உடை) உள்ளாடை போடவே போடாதீங்க, தையல் இருக்குற இடமெல்லாம் ரணமாயிடும். ஷேவ், வேக்ஸ் பண்றதையும் நிறுத்திப் பாருங்க. 2016 ரியோ ஒலிம்பிக்குக்கு முன்னாடி பிரிட்டிஷ் சைக்கிளிங் அவங்க வீராங்கனைகளுக்கு இதே அறிவுரைய தான் குடுத்தாங்க, முடி தான் உரசலுக்கு நடுவுல ஒரு தடுப்பு. ரைடு முடிஞ்சதும் ஈர சூட்டோட உக்காந்து அரட்டை அடிக்காம உடனே மாத்திடுங்க. வீக்கம் ரெண்டு மூணு நாள்ல வடியலன்னாலோ கட்டி மாதிரி கைக்கு தட்டுப்பட்டாலோ தயவுசெஞ்சு டாக்டர்ட்ட காட்டுங்க, இதுல வெக்கப்பட ஒண்ணுமே இல்ல.

அலை_ஓட்டம்:
அக்கா நீங்க சொன்னதும் போய் சேடில பாத்தேன். வியர்வை உப்பு காஞ்சு வெள்ளையா ரெண்டு திட்டு இருக்கு, ரெண்டுமே சேடிலோட பின்பாதியில, நுனி புதுசு மாதிரி பளபளன்னு இருக்கு. பெடல் அச்சு நடுவுலேர்ந்து சேடில் மேல்பக்கம் வரைக்கும் டேப் வச்சு அளந்தா பழசை விட 14 மிமீ ஒசரம்! நாலு மாசமா இப்படியே ஓட்டியிருக்கேன். வீக்கம் வடிஞ்சிடுச்சு. மூக்க கீழ சாய்க்கணுமா?

எதிர்காற்று:
14 மிமீ ரொம்ப அதிகம்மா, முதல்ல அதை இறக்குங்க. சாய்வு ரெண்டு மூணு டிகிரி போதும். அதுக்கு மேல சாய்ச்சா முன்னாடி வழுக்கி வழுக்கி தோள்லயும் கையிலயும் எடை ஏறிடும். போஸ்ட்ல டேப் ஒட்டி பழைய அளவ குறிச்சு வைங்க, ஒரு நேரத்துல ஒரு மாத்தம் மட்டும், ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு ரைடாவது குடுங்க. வீட்டுக்குள்ள சைக்கிள மாட்டி நின்ன இடத்துலயே ஓட்டுற டிரெய்னர்ல சோதிச்சா வலி அதிகமா தான் தெரியும், ஏன்னா சைக்கிள் அசையாது நீங்களும் எந்திரிக்க மாட்டீங்க. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எந்திரிச்சு நின்னு நாலு மிதி மிதிங்க.

அலை_ஓட்டம்:
மூணு வாரம் கழிச்சு வர்றேன். முதல்ல உயரத்த இறக்கினேன், அடுத்து 6 செமீ பின்னாடி தள்ளினேன், கடைசியா சாய்வு ரெண்டு டிகிரி. முதல் ரெண்டு ரைடு நுனியில உக்கார்றது சீட்லேர்ந்து விழுற மாதிரியே இருந்துச்சு, எலும்பு வலிச்சுது, ஆனா அது வேற மாதிரி வலி, நாலாவது ரைடுல போயிடுச்சு. நேத்து 80 கிமீ, அதுல ரெண்டு மணி நேரம் ஏரோவுலயே இருந்தேன், மரத்துப்போகல, வீக்கமும் இல்ல, இறங்கி உடனே 5 கிமீ ஓடவும் முடிஞ்சுது. அழுகையே வந்துடுச்சு. இடது தொடையில மட்டும் இன்னும் லேசா உரசுது.

மெதுவா_தூரமா:
படிக்கவே சந்தோஷமா இருக்கு! உரசலுக்கு, சேடிலோட ரெண்டு கையையும் சேத்து ஒரு கேபிள் டை போட்டு கொஞ்சமா இறுக்கிப் பாருங்க, முன்பக்கம் சில மிமீ குறுகும். டையோட முடிச்சு கீழ்ப்பக்கம் வரணும், மிச்ச வால ஒட்ட வெட்டிடுங்க, இல்லன்னா அதுவே தொடைய கிழிச்சிடும்.

அலை_ஓட்டம்:
இன்னைக்கு சாயங்காலமே போட்டுப் பாக்குறேன். ஞாயிறு 90 முழுசா, நீச்சல் முடிச்சு ஈர சூட்டோடயே போறேன், வந்து சொல்றேன்.