உதவி: விபிஎன் 'கனெக்டட்' காட்டுது, ஆபீஸ் சர்வர் மட்டும் திறக்கலை

பேரேடு:
வணக்கமுங்க. கோயம்புத்தூர்ல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை, வீடு உடுமலைப்பேட்டை. வாரத்துல ரெண்டு நாள் வீட்ல இருந்தே கணக்கு பார்க்கச் சொல்லியிருக்காங்க. வீட்டு கம்ப்யூட்டர் விண்டோஸ் 11 ஹோம். ஆபீஸ் சிஸ்டம் பார்க்கறவர் ஃபோன்ல சொல்லச் சொல்ல, விண்டோஸ்லயே இருக்கற விபிஎன்ல (வீட்ல இருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குப் போற பாதுகாப்பான வழி) எல்2டிபிங்கற வகையைப் போட்டு, ப்ரீ-ஷேர்டு கீ (ரெண்டு பக்கமும் ஒரே ரகசியச் சொல்) கொடுத்து வெச்சாச்சு. கனெக்ட் அமுக்கினா உடனே 'கனெக்டட்' வந்துருது. ஆனா ஆபீஸ் சர்வர் எண்ணான \\192.168.1.10 அடிச்சா ரொம்ப நேரம் சுத்திட்டு 'நெட்வொர்க் பாத் கிடைக்கலை'ங்குது. சர்வர் ஆஃபா இருக்குமோன்னு பிங் பண்ணிப் பார்த்தேன், ஒழுங்கா பதில் வருது. 11ஆம் தேதிக்குள்ள ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனைக்கான ஜிஎஸ்டி கணக்கு) போட்டாகணும். யாராச்சும் வழி சொல்லுங்க.

சும்மா_ஒருத்தன்:
உங்க பிராட்பேண்ட்காரன் விபிஎன்னை பிளாக் பண்றான். ஃபோன் ஹாட்ஸ்பாட் போட்டுப் பாருங்க.

பேரேடு:
அட, ஹாட்ஸ்பாட்ல போட்டதும் சர்வர் திறந்துருச்சுங்க! அப்ப பிராட்பேண்ட் கம்பெனிக்கு கம்ப்ளெயின்ட் பண்ணணுமா?

ரூட்டர்ராசா:
கொஞ்சம் பொறுங்க. பிளாக் பண்ணியிருந்தா 'கனெக்டட்'டே வந்திருக்காது. மூணு விஷயம் பார்த்துச் சொல்லுங்க. பிங்ல டைம் எவ்வளவு காட்டுது? விபிஎன்னை துண்டிச்சுட்டு அதே 192.168.1.10க்கு பிங் போட்டா என்ன வருது? வைஃபைல இருக்கும்போது கமாண்ட் ப்ராம்ப்ட்ல ஐபிகான்ஃபிக் அடிச்சா உங்க கம்ப்யூட்டர் (ஐபி) எண் என்ன?

பேரேடு:
டைம் 2, 3 மில்லிசெகண்ட். விபிஎன் இல்லாமலும் பதில் வருதுங்க சார், எப்படின்னே புரியலை. கம்ப்யூட்டர் எண் 192.168.1.6.

ரூட்டர்ராசா:
அவ்வளவுதான், ஆள் மாட்டிக்கிச்சு. உங்களுக்குப் பதில் சொல்றது ஆபீஸ் சர்வர் இல்லை, உங்க வீட்டுக்குள்ளயே 192.168.1.10 எண்ணோட இருக்கற வேற ஏதோ. ரூட்டரோட செட்டிங் பக்கத்துல 'கனெக்டட் டிவைசஸ்' பட்டியல்ல யாருன்னு தெரியும். விபிஎன் வழியா கோயம்புத்தூர் போய்த் திரும்பற பாக்கெட் 2 மில்லிசெகண்ட்ல வந்தா சந்தேகப்படணும்.

நடக்கறது இதுதான். 192.168-ல ஆரம்பிக்கற எண்கள் யாருக்கும் சொந்தம் இல்லை. 1996ல வந்த ஆர்எஃப்சி 1918ங்கற இன்டர்நெட் விதி ஆவணம் இதையும், 10-ல ஆரம்பிக்கறதையும், 172.16ல இருந்து 172.31 வரைக்கும் உள்ளதையும் உள் உபயோகத்துக்குன்னு ஒதுக்கிவிட்டது. ரூட்டர் செய்யறவங்க நிறையப் பேர் 192.168.1னு வெச்சே அனுப்பறாங்க. உங்க வீட்லயும் அதே, ஆபீஸ்லயும் அதே. ரெண்டு ஊர்லயும் காந்தி தெரு, கதவு எண் 10 இருக்கற மாதிரி. விண்டோஸ் பக்கத்துத் தெருவைத்தான் முதல்ல பார்க்கும். விபிஎன் போடற 'எல்லாம் இந்த வழியா போகட்டும்'ங்கற பொது வழியைவிட, 'இந்த 192.168.1 என் வைஃபையிலேயே இருக்கு'ங்கற குறிப்பான வழிக்குத்தான் மதிப்பு. ஹாட்ஸ்பாட் வேற எண் வரிசை கொடுக்கும், மோதல் இல்லை, அதான் திறந்துச்சு. பிராட்பேண்ட்காரரை விட்டுருங்க பாவம்.

சரி பண்ண: ப்ரௌசர்ல 192.168.1.1 அடிச்சு வீட்டு ரூட்டர் செட்டிங்குக்குப் போய், லான் இல்லைன்னா டிஹெச்சிபி (எல்லாத்துக்கும் எண் தானா ஒதுக்கறது) பக்கத்துல ரூட்டர் எண்ணை 192.168.73.1 ஆக்குங்க. டிஹெச்சிபி வரிசையையும் 192.168.73.2 முதல் 254 வரைன்னு மாத்திட்டு சேவ். ரூட்டர் மறுபடி எழுந்ததும் எல்லாத்தையும் ஒருக்கா வைஃபைல விட்டுச் சேருங்க. அடுத்த தடவை ரூட்டர் பக்கத்துக்குப் போக 192.168.73.1தான் அடிக்கணும், எழுதி ஒட்டி வெச்சுக்கோங்க. சிசிடிவி, பிரிண்டர்ல கையால எண் போட்டிருந்தா அதையும் மாத்தணும். ஆபீஸ் பக்கம் மாத்தறதுதான் நிரந்தர வைத்தியம், ஆனா அங்க எத்தனை மிஷின் நிக்கும்னு யோசிச்சா யாரும் கை வைக்க மாட்டாங்க.

சும்மா_ஒருத்தன்:
எல்2டிபி எல்லாம் பழசு, வயர்கார்டுங்கற புது வகை விபிஎன் போடச் சொல்லுங்க.

ரூட்டர்ராசா:
வயர்கார்டு நல்லதுதான், நானும் அதான் வெச்சிருக்கேன். ஆனா ரெண்டு பக்கமும் ஒரே எண்ணா இருந்தா எதைப் போட்டாலும் தலைவலி போகாது.

மலைக்கோட்டை:
இழைக்குள்ள நுழையறதுக்கு மன்னிக்கணும். எனக்கு கனெக்டே ஆகலை, பிழை 809 வருது. அப்புறம் விபிஎன் போட்டா சட்டப் பிரச்சனைன்னு வீட்ல பயப்படறாங்க.

ரூட்டர்ராசா:
809ன்னா சர்வர் பதில் உங்ககிட்ட வந்து சேரலை. சர்வர் ரூட்டருக்குப் பின்னாடி இருந்தா விண்டோஸ் எல்2டிபியை இயல்பா ஏத்துக்காது. ரெஜிஸ்ட்ரில (விண்டோஸோட உள் செட்டிங் பட்டியல்) பாலிசி ஏஜென்ட் சர்வீஸுக்குக் கீழ டிவேர்டுங்கற எண் வகைப் பதிவு ஒண்ணு சேர்த்து மதிப்பு 2 கொடுத்து ரீஸ்டார்ட் பண்ணணும். அதோட பேர் ரொம்ப நீளம், மைக்ரோசாஃப்ட் உதவிப் பக்கத்துல இருந்து காப்பி பண்ணுங்க, கையால அடிக்காதீங்க. ஆபீஸ் ரூட்டர்ல யுடிபி 500, 4500 ரெண்டும் சர்வருக்குத் திருப்பி விட்டிருக்காங்களான்னும் கேளுங்க.

சட்டம் பத்தி: 2022 ஏப்ரல்ல செர்ட்-இன் (மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பு) போட்ட உத்தரவு, விபிஎன் சேவை விக்கற நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரத்தை 5 வருஷம் வெச்சிருக்கணும்னு சொல்லுது. ஆபீஸ் தன் ஆட்களுக்கு வெச்சிருக்கற விபிஎன் அதுல வராதுன்னு அவங்களே விளக்கம் கொடுத்திருக்காங்க. ப்ளே ஸ்டோர்ல கிடைக்கற ஓசி விபிஎன்னை மட்டும் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஏத்தாதீங்க. அது வேற சரக்கு.

பேரேடு:
73க்கு மாத்திட்டேனுங்க, சர்வர் திறந்துருச்சு! அந்த 192.168.1.10 எங்க வீட்டு டிவியாம். ரொம்ப நன்றிங்க சார். ஆனா டேலி (கணக்கு எழுதற மென்பொருள்)ல கம்பெனி ஃபைலைத் திறக்க ஆமை வேகம். விபிஎன் செட்டிங்ல ரிமோட் கேட்வே டிக்கை எடுத்தா வேகமாகும்னு ஒரு வீடியோல சொல்றாங்க. எடுக்கலாமா?

ரூட்டர்ராசா:
எடுக்காதீங்க. எடுத்தா 192.168.1க்குப் போற வழியே போயிர வாய்ப்பிருக்கு, அப்படிப் போனா பவர்ஷெல்ல தனியா வழி சேர்க்கணும். டேலிக்கு ரூட் காரணமில்லை. டேட்டா ஃபைலை ஷேர் வழியா இங்க இருந்து படிக்குது, ஒவ்வொரு எண்ட்ரிக்கும் போய் வருது. நடுவுல லைன் அறுந்தா டேட்டா கெட்டுப்போகவும் வாய்ப்பு. விபிஎன் போட்டுட்டு ஆபீஸ்ல உங்க மிஷினுக்கு ரிமோட் டெஸ்க்டாப் போயி டேலியை அங்கயே ஓட்டுங்க, திரை மட்டும்தான் இங்க வரும். ஆபீஸ் மிஷின் விண்டோஸ் ப்ரோவா இருக்கணும், ஸ்லீப் போகாம வைக்கச் சொல்லணும். உங்க ஹோம் எடிஷன்ல இருந்து உள்ள போறதுக்குத் தடையில்லை. ரிமோட் டெஸ்க்டாப்போட போர்ட் 3389ஐ நேரா இன்டர்நெட்டுக்குத் திறந்து விடலாம்னு யாராவது சொன்னா மட்டும் ஒத்துக்காதீங்க.

பேரேடு:
ப்ரோதானாம், கேட்டுட்டேன். இப்ப ஆபீஸ்ல உட்கார்ந்த மாதிரியே ஓடுதுங்க. வீட்டு பிரிண்டர்ல சலான் எடுக்க முடியுமா?

ரூட்டர்ராசா:
முடியும். ரிமோட் டெஸ்க்டாப்ல கனெக்ட் பண்றதுக்கு முன்னாடி 'ஷோ ஆப்ஷன்ஸ்' திறந்து, 'லோக்கல் ரிசோர்சஸ்'ல 'பிரிண்டர்ஸ்' டிக் போடுங்க. டேலில பிரிண்ட் கொடுக்கும்போது உங்க வீட்டு பிரிண்டரும் பட்டியல்ல வரும்.